சொல்லும் பொருளும்: 'பாண்டு' என்னும் கட்டு



சென்ற இதழில் 'ஃபேர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்தோம். சந்தைக்கும் அதே சொல், நியாயத்துக்கும் அதே சொல், சிவந்த மேனிக்கும் அதே சொல் என்று எழுதியிருந்தேன். இந்த இதழுக்கு 'கேஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வதாக இருந்தேன். ஆனால் ஒரு தாயார் எழுதிய கடிதம் என் எண்ணத்தை மாற்றிவிட்டது. 'கேஸ்' கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அந்தத் தாயார் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். மகள் எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகத் தேறியிருக்கிறாள். தாதியர் பயிற்சிக்கு மனுப் போட்டாள், இடமும் கிடைத்துவிட்டது. மூன்றாண்டுப் பயிற்சி. செலவைப் பயிற்சி தருகிறவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் சில ஆண்டுகள் அவர்களிடமே வேலை பார்க்க வேண்டும். நடுவில் விட்டுப் போனால் செலவுத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும், ஜாமீன் நிற்க இரண்டு பேர் வேண்டும். வந்த தாளின் தலைப்பிலேயே 'பாண்டு' என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதைக் கண்டதும் தகப்பனார் தாளை மடித்து அலமாரிக்குமேல் வைத்துவிட்டார். பெண்பிள்ளையைப் பாண்டு எழுதி அடகு வைக்க மாட்டேன் என்பது அவர் சொல். மகள் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். கெடு தேதியோ நெருங்குகிறது. பாண்டு என்றால் கெட்ட சொல்லா ஐயா என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா.

கெடு இருப்பதால் அவருக்கு உடனே தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆயினும் இந்தச் சொல் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த சொல் அன்று. பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போகும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் இது தட்டும். ஆகவே எல்லாருமாகச் சேர்ந்து இதை அவிழ்த்துப் பார்ப்போம்.

அவிழ்த்து என்று சொன்னது பொருத்தம்தான். 'பாண்டு' என்பதன் அடிப்பொருளே கட்டு. ஆங்கிலத்தில் 'பைண்டு' என்றால் கட்டுதல். 'பேண்டு' என்றால் கட்டும் பட்டை. காயத்துக்குச் சுற்றுகிறோமே 'பேண்டேஜ்', மூட்டையாகக் கட்டுகிறோமே 'பண்டல்', எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இன்னொரு செய்தி கேளுங்கள். வடமொழியிலிருந்து நம்மிடம் வந்து தங்கிவிட்ட 'பந்தம்' என்ற சொல்லும் அதே பழைய வேரில் முளைத்தது என்று மொழியறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். பந்தபாசம் என்று நாம் சொல்லும் பந்தமும், அந்தத் தகப்பனார் பயந்து மடித்து வைத்த பாண்டும் தூரத்து உறவு. எங்கோ பிரிந்துபோன பங்காளிகள்.

அப்படியானால் அந்தத் தகப்பனாரின் பயம் வெறும் பயமா? இல்லை. அதற்கு நம் மண்ணிலே வேர் இருக்கிறது. நம் முன்னோர்களில் ஒரு பகுதியினர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவர்கள். கப்பல் செலவும் முன்பணமும் கடனாக ஏறிவிடும். கடன் தீரும்வரை, குறித்த காலம் முடியும்வரை, அந்தத் தோட்டத்தை விட்டு நகர முடியாது. ஓடிப்போனால் அது குற்றம். பிடிபட்டால் சிறை. மலாயாவில் இந்த ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் கங்காணி முறை 1938 வரை நடந்தது. பிஜித் தீவுக்குப் போனவர்கள் 'அக்ரிமெண்ட்' என்ற சொல் வாயில் நுழையாமல் அதைக் 'கிர்மிட்' என்று ஆக்கிக்கொண்டார்கள். அந்தச் சொல்லே அவர்களுக்குப் பெயராகவும் நிலைத்துவிட்டது. எழுதப்படிக்கத் தெரியாதவன் கையெழுத்திட்ட தாள் என்ன செய்யும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? பாட்டன் பட்ட சூட்டைப் பேரன் மறக்கவில்லை. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு முகம்தான் என்று நினைப்பதுதான் சிக்கல். இந்தச் சொல்லின் மற்ற முகங்களைக் காட்ட ஆங்கில இலக்கியத்தில் ஒருவரைக் கூப்பிடுகிறேன். ஷேக்ஸ்பியர். பெயரைக் கேட்டு நடுங்க வேண்டாம். அவருடைய நாடகக் கதைகளைச் சார்லஸ் லாம், மேரி லாம் என்ற தம்பியும் அக்காளும் சிறுவர்களுக்காக எளிய உரைநடையில் 1807-ல் எழுதி வெளியிட்டார்கள். இன்றும் பள்ளி நூலகங்களில் கிடைக்கிறது. இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துவிடலாம்.

முதலில் 'வெனிஸ் நகர வணிகன்'. தமிழ் நாடக மேடையில் பம்மல் சம்பந்த முதலியார் இதை 'வாணீபுர வணிகன்' என்று ஆக்கித் தந்தார். ஆங்கிலத்தில் 1600-ல் முதலில் அச்சானது.

அந்தோனியோ ஒரு வணிகன். கையில் ரொக்கமில்லை, செல்வமெல்லாம் கடலில் கப்பல்களில் இருக்கிறது. அவன் நண்பன் பசானியோவுக்குப் பணம் வேண்டும். போர்ஷியா என்ற சீமாட்டியைப் பெண் கேட்டுப் போக வேண்டும், வெறுங்கையோடு போக முடியாது. நண்பனுக்காக அந்தோனியோ, ஷைலக் என்ற வட்டிக்காரனிடம் 3,000 பொற்காசு கடன் கேட்கிறான். தவணை மூன்று மாதம். ஷைலக்குக்கும் அந்தோனியோவுக்கும் பழைய பகை. அந்தோனியோ அவனை யூதன் என்று கடைத்தெருவில் இழிவாகப் பேசியவன், மேலே துப்பியவன். இப்போது அவனிடமே கைநீட்டுகிறான். ஷைலக் சிரித்துக்கொண்டே, வட்டி வேண்டாம் என்கிறான்! விளையாட்டுக்கு ஒரு பாண்டு எழுதிக்கொடு, தவணை தவறினால் உன் உடம்பிலிருந்து ஒரு ராத்தல் சதை என்கிறான்.

இங்கே தாய்மார்கள் நிறுத்திக் கவனிக்க வேண்டும். வட்டி வேண்டாம் என்று சொல்கிற கடனைக் கண்டால்தான் அதிகம் பயப்பட வேண்டும். பட்டணத்து மின்கம்பங்களில் தொலைபேசி எண் ஒட்டிவைத்திருக்கும் ஆலோங்குகளும் முதல் நாளில் சிரித்துத்தான் பேசுகிறார்கள். பசானியோவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எனக்காக இதில் கையெழுத்துப் போடாதே என்று தடுக்கிறான். அந்தோனியோ கேட்கவில்லை. தவணைக்கு ஒரு மாதம் முன்பே கப்பல்கள் வந்துவிடும் என்ற தைரியம் அவனுக்கு.

கப்பல்கள் வரவில்லை. மூழ்கின என்று சேதி வருகிறது. தவணையும் கடக்கிறது. இதற்கிடையில் ஷைலக்கின் மகள் பணத்தை எடுத்துக்கொண்டு ஒரு கிறிஸ்துவ இளைஞனோடு ஓடிப்போய்விடுகிறாள். அந்த வெறியும் சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு ஷைலக்கின் வாயில் வேறு சொல்லே வருவதில்லை. என் பாண்டு, என் பாண்டு என்றே அடித்துக்கொள்கிறான். ஒரே காட்சியில் எத்தனை முறை சொல்கிறான் என்று பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம். அவன் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: முத்திரை வைத்த தாள்.

வழக்கு மன்றத்துக்குப் போகிறது. போர்ஷியா ஆண்வேடம் பூண்டு வழக்கறிஞராக வருகிறாள். இரக்கம் காட்டு என்று முதலில் கேட்கிறாள். மாட்டேன் என்கிறான். மூன்று மடங்கு பணம் வாங்கிக்கொள் என்கிறாள். அதற்கும் மாட்டேன் என்கிறான். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கிறாள். இரத்தம் ஒழுகிச் சாகாமலிருக்க ஒரு வைத்தியரையாவது கூட வைத்துக்கொள் என்கிறாள். அது பாண்டில் எழுதியிருக்கிறதா என்று கேட்கிறான் ஷைலக். எழுதியிருக்கவில்லை. எழுதாததை நான் ஏன் செய்ய வேண்டும் என்பது அவன் வாதம்.

அங்கேதான் அவன் அகப்பட்டுக்கொள்கிறான். சரி, தாளில் சதை என்றுதான் இருக்கிறது, இரத்தம் என்று இல்லை. சதையை எடுத்துக்கொள், ஒரு சொட்டு இரத்தம் சிந்தக் கூடாது, ஒரு ராத்தலுக்கு மயிரிழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்கிறாள் போர்ஷியா. எழுதியது மட்டுமே செல்லும் என்று நின்றவனை, எழுதாத ஒன்று கவிழ்த்துவிட்டது.

இத்தோடு கதை முடிந்து எல்லாரும் கைதட்டுவார்கள். எனக்கு மட்டும் ஒரு மனக்குறை. அதன்பின் ஷைலக்கின் சொத்தைப் பறித்து, அவன் மதத்தையும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். இரக்கத்தைப் பற்றி அத்தனை அழகாகப் பேசியவர்கள் அவனிடம் இரக்கம் காட்டவில்லை. நாடகத்தைப் படிக்கும் பிள்ளைகள் இதையும் விவாதிக்க வேண்டும்.

இப்போது கடிதம் எழுதிய அம்மாவின் வீட்டு அலமாரிக்குத் திரும்புவோம். அந்தத் தாள் ஷைலக்கின் தாளா? படித்தால்தானே தெரியும். மடித்து வைத்தால் எப்படித் தெரியும்? அந்தோனியோ செய்த தவறு கையெழுத்துப் போட்டது மட்டும் அன்று, நிபந்தனையை விளையாட்டாக எடுத்துக்கொண்டதும்தான். அம்மாவுக்கு நான் எழுதியதை உங்களுக்கும் சொல்கிறேன். எத்தனை ஆண்டு வேலை, அந்த ஆண்டுகள் எந்தத் தேதியிலிருந்து கணக்கு, விலகினால் கட்ட வேண்டிய தொகை எழுத்திலும் எண்ணிலும் எவ்வளவு, பாதிக் காலம் வேலை பார்த்த பிறகு விலகினால் தொகையும் பாதியாகக் குறையுமா, நோய் வந்தாலோ தேர்வில் தவறினாலோ என்ன ஆகும், இவற்றுக்குத் தாளிலேயே பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. வைத்தியர் வேண்டும் என்று தாளில் இல்லாததால் ஷைலக் என்ன சொன்னான் என்று பார்த்தீர்கள் அல்லவா?

ஜாமீன் நிற்கும் மாமனும் சித்தப்பாவும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, தாளில் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, கடன்பட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. முகத்துக்காகப் போடும் கையெழுத்து அன்று அது. பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை, ஆகவே எந்தத் தாளும் செல்லாது என்று கடைத்தெருவில் யோசனை சொல்பவர்களும் உண்டு. அரசாங்கமும் கல்வி நிலையங்களும் தரும் உபகாரச் சம்பள ஒப்பந்தங்களுக்கு அந்தச் சாக்குச் செல்லாது. 1976-ல் வந்த திருத்தச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது.

தகப்பனாருக்கு நான் சொன்னது வேறு. அன்று நம் முன்னோர் எழுதிக் கொடுத்த தாள் ஆளையே கட்டியது. விலகினால் சிறை. இன்று மகள் எழுதிக் கொடுக்கும் தாள் பணத்தைக் கட்டுகிறது. விலகினால் கடன். கடனும் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்க இன்று எவருக்கும் உரிமையில்லை. நம் நாட்டு அரசியலமைப்பின் 6-வது விதி அடிமை முறையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. சொல் அதே சொல். கட்டப்படுகிற பொருள் வேறு.

இனி இரண்டாவது நாடகம். என் மனத்துக்கு அதிகம் நெருக்கமானது இதுதான். 'லியர் மன்னன்', 1608-ல் அச்சானது.

லியர் வயதான அரசன், மூன்று பெண்களின் தகப்பன். நாட்டை மூன்றாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு ஓய்வாக இருக்க நினைக்கிறான். பங்கிடுவதற்குமுன் ஒரு பரீட்சை வைக்கிறான். என்னை யார் அதிகம் நேசிக்கிறீர்கள், சொல்லுங்கள் என்கிறான். மூத்தவள் கானரில், கண்ணைவிட, உயிரைவிட என்று அளக்கிறாள். அடுத்தவள் ரீகன் அதற்கும் மேலே போகிறாள். கடைக்குட்டி கார்டீலியா நிறையப் பேசத் தெரியாதவள். ஒன்றுமில்லை என்கிறாள். மறுபடி கேட்டபோது, என் பாண்டு எப்படியோ அப்படி நேசிக்கிறேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்ற கருத்தில் பதில் சொல்கிறாள்.

கவனியுங்கள், அதே சொல்! ஷைலக் தாளைத் தூக்கிக் காட்டிக் கத்திய அதே சொல்லை ஒரு மகள் தகப்பனிடம் சொல்கிறாள். இங்கே தாள் இல்லை, முத்திரை இல்லை, தவணை இல்லை. பெற்றீர்கள், வளர்த்தீர்கள், அன்பு செலுத்தினீர்கள், அந்தக் கட்டு நமக்குள் இருக்கிறது, அதன்படி நான் நடப்பேன் என்பது அவள் பொருள். லியருக்கோ அது கணக்குப் பேசுவது போலக் காதில் விழுகிறது. வட்டிக்கடையில் கேட்கும் சொல்லைப் பெற்ற மகள் என்னிடம் சொல்கிறாளே என்று கொதிக்கிறான். அவளுக்கு ஒரு காணி நிலமும் இல்லையென்று விரட்டிவிடுகிறான். சீதனமில்லாத அவளைப் பிரான்சு நாட்டு அரசன் மணந்து அழைத்துப் போகிறான்.

ஒரு சொல்லின் ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டதால் ஒரு தகப்பன் மகளை இழந்தான். நாடகம் முழுவதற்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், கிழவனின் முன்கோபமும் புகழ்ச்சி ஆசையும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கணத்தில் நடந்தது அதுதான்.

பிறகு நடப்பது உங்களுக்கே தெரியும். அயல்வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். சொத்து கைக்கு வந்ததும் மூத்தவள் முகம் சுளிக்கிறாள். அப்பாவோடு இத்தனை ஆட்கள் எதற்கு என்று குறைக்கிறாள். லியர் இரண்டாவது மகளிடம் ஓடுகிறான். அவளிடம் கெஞ்சும்போது, நீயாவது பிள்ளைக்கு உரிய பாண்டை அறிந்தவள் என்று அவனே சொல்கிறான்! கார்டீலியா சொன்னபோது கசந்த சொல், தன் வாயிலிருந்தே வருகிறது. இந்த இடத்தை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ரீகனும் கதவைச் சாத்துகிறாள். புயலில், மழையில், கிழவன் வெட்டவெளியில் நிற்கிறான். அவனைத் தேடிக் கடல்கடந்து படையோடு வருபவள் கார்டீலியாதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றவள், உயிரையே கொடுக்கிறாள்.

இந்தப் பாண்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? அகராதியைப் புரட்ட வேண்டாம். 'கடன்' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறதே! கடையில் பாக்கி வைத்ததும் கடன், பிள்ளை பெற்றோருக்குச் செய்ய வேண்டியதும் கடன். 'காலைக்கடன்' என்கிறோம், யாரிடம் வாங்கிய கடன்? புறநானூற்றில் பொன்முடியார் என்ற புலவர் பாடிய 312-ஆம் பாட்டு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். ஒரு தாய், பிள்ளையைப் பெற்று வளர்ப்பது தன் கடன், சான்றோனாக்குவது தகப்பன் கடன் என்று ஒவ்வொருவருக்கும் உரியதை வரிசையாகச் சொல்கிறாள். கொல்லனுக்கும் அரசனுக்கும்கூட அதில் கடன் உண்டு. யாரும் யாரிடமும் பத்திரம் எழுதி வாங்கவில்லை. கார்டீலியாவின் பாண்டு அந்தத் தாயின் கடன்தான். ஆங்கிலச் சொல்லுக்கு இருக்கும் இரண்டு முகமும் நம் சொல்லுக்கும் இருப்பதால், தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்க வேண்டும். வகுப்பில் நான் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

கடன் தாளும் உறவும் ஒன்றாகவே வந்த கதை ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் சுந்தரர் கதை. கோயில் திருவிழாக்களில் கேட்டிருப்பீர்கள். சுந்தரருக்குக் கல்யாணம். மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று, இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ என்கிறார். சுந்தரர், நீ பித்தனா என்று திட்டி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்கு நடக்கிறது. நீ கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுக்கிறார். பாட்டனின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும், நீ அடிமைதான் என்று சபையோர் தீர்ப்புச் சொல்கிறார்கள். எங்கே உம் வீடு, காட்டும் என்றால், கிழவர் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார்.

இறைவனே நகல் ஒன்று, மூலம் ஒன்று வைத்துக்கொண்டுதான் வழக்குக்கு வந்திருக்கிறார் பாருங்கள். பாண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு நகல்கூட வாங்காமல் வீட்டுக்கு வருகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்!

அடிமை ஓலைதான் அது. ஆனால் அதைக் காட்டியவர் சதை கேட்கவில்லை. தன்னைப் பாடச் சொன்னார். திட்டிய 'பித்தன்' என்ற சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொன்னார். அடிமை என்று பிடித்துப் போனவனைப் பின்னாளில் தோழன் என்று உலகம் சொல்லியது. தாள் தொடக்கம்தான், கட்டு வேறு எங்கோ போய் முடிந்தது.

சுந்தரர் கிழித்தார் என்றதும் இன்னொரு கிழிப்பு நினைவுக்கு வருகிறது. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் கொலைகாரனாகிவிட்ட மேக்பெத், நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பிவிட்டு இருட்டை அழைக்கிறான். தன்னை வெளிறவைக்கும் அந்தப் பெரிய பாண்டைக் கிழித்தெறியும்படி வேண்டுகிறான். எந்தப் பாண்டு? பாங்கோவின் ஆயுள் என்று சிலர் உரை சொல்கிறார்கள். மனிதனை மனிதனோடு கட்டும் நெறி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. ஓர் உயிரின் தவணையைக் கிழிக்க ஒரு கத்தி போதுமே, இரவை எதற்கு அழைக்க வேண்டும்?

அடிமையைக் குறிக்கும் 'பாண்டுமேன்', அடிமைத்தனத்தைக் குறிக்கும் 'பாண்டேஜ்' என்ற சொற்களும் உண்டு. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் புரூட்டஸ் மக்களைப் பார்த்து, உங்களில் அடிமையாயிருக்க விரும்பும் இழிந்தவன் யார் என்று கேட்கும் இடத்தில் அந்தப் பாண்டுமேன் வருகிறான். இவன் கட்டப்பட்டவன் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் இவன் வேறு வேரில் வந்தவன். வட ஐரோப்பிய மொழியில் 'போண்டி' என்றால் சொந்த வீடும் நிலமும் உள்ள குடியானவன். இங்கிலாந்தில் 1066-க்குப் பின் நார்மானியர் ஆட்சியில் குடியானவர்கள் நிலம் இழந்து பண்ணையாட்களானார்கள். ஆள் தாழ்ந்ததும் சொல்லும் தாழ்ந்தது. பிறகு 'கட்டு' என்ற பாண்டோடு ஒலியில் ஒத்துப்போய் இரண்டும் கலந்துவிட்டன. அந்தப் 'போண்டி'யோடு 'வீடு' சேர்ந்து பிறந்த சொல்தான் 'ஹஸ்பண்டு', அதாவது கணவன். வீட்டுக்குடையவன் என்று பொருள். அடிமைக்கும் கணவனுக்கும் ஒரே தாத்தா என்று சொன்னால் எங்கள் பள்ளி ஆசிரியைகள் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

மற்ற பொருள்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் மக்களிடம் கடன் வாங்கித் தரும் பத்திரமும் பாண்டுதான். அங்கே கடன் கொடுத்தவர் நீங்கள். வரி கட்டாத சரக்கைச் சுங்க அதிகாரிகளின் பொறுப்பில் வைத்திருக்கும் கிட்டங்கியும் பாண்டுக் கிட்டங்கி. கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் அறிவார்கள். இரசாயனப் பாடத்தில் ஓர் அணு இன்னோர் அணுவைப் பிடித்துக்கொள்வதும் பாண்டு. மலாய்மொழியில் 'ஈக்காத்தான்' என்கிறார்கள், அதுவும் கட்டு என்ற பொருள்தான். தண்ணீரில் ஓர் ஆக்ஸிஜன் இரண்டு கைகளாலும் இரண்டு ஹைட்ரஜனைப் பிடித்திருக்கிறது. பசை போட்டு ஒட்டுவதும் பாண்டு. சினிமாவில் துப்பாக்கியோடு வரும் ஜேம்ஸ் பாண்டுக்கு அந்தப் பெயர், பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒரு அறிஞருடைய பெயர். கதாசிரியர் இயன் ஃபிளெமிங் அதை இரவல் வாங்கிக்கொண்டார். குடும்பப் பெயரான இந்தப் பாண்டு நாம் முன்பு பார்த்த 'போண்டி'யிலிருந்து வந்தது. ஆக அவர் ஜேம்ஸ் குடியானவர்!

இனிப் பிள்ளைகளுக்கு வழக்கமான பயிற்சி. கீழே மூன்று வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் வரும் பாண்டு ஷைலக்கின் பாண்டா, கார்டீலியாவின் பாண்டா, வேறா என்று எழுதுங்கள். எந்தப் பக்கத்துச் சொல்லை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். விடை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான்.

அந்தத் தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் நடுவே பலமான பாண்டு இருக்கிறது.

பயிற்சி முடித்த அக்காளுக்கு இன்னும் இரண்டாண்டுப் பாண்டு பாக்கி இருக்கிறது.

அவருடைய வாய்ச்சொல்லே அவருக்குப் பாண்டு. (இது லண்டன் பங்குச் சந்தையின் முத்திரை வாசகத்தின் கருத்து. கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.)

பெற்றோர்கள் வீட்டிலுள்ள பழைய ஒப்பந்தத் தாள்கள் ஏதேனும் இருந்தால் எடுத்துப் பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல்லை எனக்கு எழுதுங்கள். 'கேஸ்' அடுத்த இதழில் வரும். அதற்குள் வீட்டிலிருக்கும் பெட்டி, வழக்கு, மருத்துவமனை நோயாளி, மூன்றுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று பிள்ளைகள் யோசித்து வைக்கலாம்.